நான் தெறந்துவிட்ட சேனல்

எதையும் முழுசாப் படிக்காம ஓகேயை அமுக்குறது எனக்கு ரொம்ப நாள் பழக்கம். போன்ல ஒரு கட்டம் வந்து நின்னு இங்கிலீசுல ரெண்டு வரி கேட்டுச்சுன்னா, நான் யோசிக்கிறதுக்கு முன்னாடியே என் கட்டைவிரலு பதில் சொல்லிரும். "என்ன கேட்டுச்சு அது?"ன்னு பக்கத்துல யாராவது கேட்டா, "ஒண்ணுமில்ல, சும்மா"ன்னுருவேன். அந்தச் சும்மாவுலதான் ஒரு மனுசியோட மூணு வருச உழைப்பைப் பாழாக்குனேன். கூட இருந்தவக பாதிப் பேருக்கு இப்ப அது ஞாபகத்துலகூட இருக்காது. எனக்கு இருக்கு. சோத்துல கை வைக்கிறப்ப வரும், தலை சீவுறப்ப வரும். யார்ட்டயும் சொல்லாம வச்சிருந்து என்னத்தக் கண்டேன், எழுதியாவது தொலைப்போம்னு உக்காந்திருக்கேன்.

எம். புதுப்பட்டிக்குப் பக்கத்துல ஒரு பட்டாசுக் கம்பெனில எனக்கு ஆபீஸ் வேலை. திருத்தங்கல்ல இருந்து ஸ்கூட்டில போயிட்டு வருவேன். ஆர்டரைக் கம்ப்யூட்டர்ல ஏத்துறது, லோடு வண்டிக்குச் சீட்டு அடிக்கிறது, யாரு லீவு யாரு வரலன்னு எழுதுறது, இதெல்லாம் என் பொறுப்பு. கம்பெனில என் பேரைச் சொன்னா யாருக்கும் தெரியாது. கம்ப்யூட்டர் புள்ளன்னாத்தான் தெரியும்.

பட்டாசுக் கம்பெனிக்குள்ள போன் ஆகாது. வெடி மருந்து இருக்க எடத்துல அதெல்லாம் வெளையாட்டுக் கெடையாது. ஆபீஸ் மட்டும் கேட்டுக்கு வெளிப்பக்கம் இருந்ததால எங்க நாலஞ்சு பேருக்கு மட்டும் கையில போன் இருக்கும். உள்ள வேலை பாக்குற நூத்துச் சொச்சம் பேரும் காலையில எட்டு மணிக்குப் போனை அணைச்சு, வாட்ச்மேன் ரூம்ல நம்பர் போட்ட மரப் பொந்துல வச்சிட்டுப் போவாக. சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான் எடுப்பாக. அந்த நேரத்துல கேட்டுல நின்னு பாக்கணும். நூறு போனும் ஒரே சமயத்துல உசுரு வந்து கத்தும். பகல் பூரா என்னென்ன வந்து கெடந்துச்சோ அம்புட்டையும் எல்லாரும் கூடி நின்னு ஒண்ணாப் படிப்பாக. வேன்காரர் ஆரன் அடிச்சு அடிச்சு ஓஞ்சு போவாரு.

மொதல்ல எங்களுக்கும் எல்லாரையும் போலச் சாதாக் குரூப்புதான் இருந்துச்சு. லேபிள் படமும் பொங்கல் வைக்கிற படமும் காலை வணக்கமும் ஒண்ணாக் கலந்து கெடக்கும். ஒரு தடவை அர்ஜெண்டு ஆர்டர் ஒண்ணு அந்தக் குப்பைக்குள்ள காணாமப் போயி, முதலாளி என்னையப் பிடி பிடின்னு பிடிச்சிட்டாக. அதுக்குப் பெறகு சென்னையில இருக்க முதலாளி மகன், ஆபீஸ் வேலைக்குன்னே இருக்க ஒரு ஆப்பை எல்லாரு போன்லயும் போட வச்சாக. அதுல ஒவ்வொரு குரூப்புக்கும் சேனல்னு பேரு. "அறிவிப்பு"ன்னு ஒரு சேனல் எல்லாருக்கும் பொது. "லோடு"ன்னு ஒண்ணு டிரைவர்களுக்கு. "ஆபீஸ்"னு ஒண்ணு, அது பக்கத்துல மட்டும் சின்னதா ஒரு பூட்டுப் படம் இருக்கும். பூட்டு இருந்தா அதுக்குள்ள இருக்கவகளைத் தவிர வேற ஆளுக்கு அப்படி ஒண்ணு இருக்கதே தெரியாது. முதலாளி, அவுக மகன், போர்மேன் அண்ணாச்சி, கணக்குப்பிள்ளை, குடோன்காரர், நான். ஆறே பேரு.

என்னைய அட்மின் ஆக்குனாக. யாரைச் சேக்குறது, யாரை எடுக்குறது, எது பூட்டு எது தெறப்பு, எல்லாம் என் கையில. முதலாளி மகன் போன்ல ஒரு மணி நேரம் சொல்லிக் குடுத்தாக. "பிரைவசி செட்டிங்ஸ்ல கை வைக்கிறப்ப மட்டும் ரெண்டு தடவை படிச்சுப் பாத்துட்டுச் செய்ங்க"ன்னாக. "சரிங்க சார், சரிங்க சார்"னு சொல்லிக்கிட்டே நான் ஒரு பக்கம் சீட்டு அடிச்சுக்கிட்டு இருந்தேன்.

அந்தப் பூட்டு இருக்கே, அது ஆளை மாத்திருது. சத்தியமாச் சொல்றேன், நேர்ல நாங்க யாரும் அப்படிப் பேசுற ஆளுக இல்ல. கணக்குப்பிள்ளை குனிஞ்ச தலை நிமிராதவரு. அண்ணாச்சி பொம்பளையாளுகளைத் தாயின்னு தவிர வேற வார்த்தை சொல்லிக் கூப்பிட மாட்டாரு. ஆனா பூட்டுக்குள்ள வந்தா போதும், எங்களுக்கு வாயில சனி. மொத ஒரு மாசம் லோடு, லீவுன்னு ஒழுங்காப் போச்சு. பெறகு யாரு யாரோட பேசல, யாரு புதுக் கம்மல் போட்டிருக்கா, யாரு வீட்டுக்காரன் எங்க விழுந்து கெடந்தான், இதான் பேச்சு. முதலாளியும் மகனும் அதை எட்டிப் பாக்குறதே கெடையாது. மத்தவக எழுதுனாங்கன்னு இப்பச் சொல்லி நான் தப்பிக்கப் பாக்கல. அதுல அதிகம் எழுதுனவ நான்தான். எனக்குச் சிரிக்க வைக்கத் தெரியும்னு எனக்கே ஒரு நெனப்பு.

பேக்கிங் நடக்குற கொட்டகையைச் செட்டும்பாக. அதுல ஒரு அக்கா இருந்தாக. வயசு நாப்பதுக்கு ரெண்டு மூணு கம்மியா இருக்கும். எட்டாப்போட படிப்பை நிறுத்துனவக. பதினாறு வருசமாத் தரையில உக்காந்து டப்பா நெரப்புறவக. ஒருநா மத்தியானம் ஆபீஸ் வாசல்ல வந்து நின்னு, முன்ன பின்ன பாத்துட்டு, "பாப்பா, ஒன்கிட்ட ஒரு விசயம் கேக்கணும். யார்ட்டயும் சொல்லிராத"ன்னாக.

விசயம் இதுதான். பத்தாப்பைத் தனியா எழுதிக்கிட்டு இருந்தாக. ரெண்டு வருசமா ஒண்ணொண்ணாப் பாஸ் பண்ணிட்டு வந்து, கணக்குல மட்டும் ஒரு தரம் போயிருச்சு. மறுபடி எழுத நெட்டுல விண்ணப்பப் பாரம் நெரப்பணும், வெளிக் கடையில போயி நெரப்புனா ஊருக்குத் தெரிஞ்சு போகும், நீ நெரப்பித் தாரியான்னு கேட்டாக. பத்தாப்பு முடிச்சவகளைத்தான் சூப்பர்வைசர் ஆக்குறதுன்னு முதலாளி முடிவா இருந்தாக. இருந்த சூப்பர்வைசரம்மா அடுத்த சீசனுக்கு முன்னாடி வேலைய விட்டு நிக்கிறதாச் சொல்லியிருந்தாக. அக்காவுக்கும் அந்த வேலைக்கும் நடுவுல ஒரே ஒரு கணக்குப் பேப்பர்தான் நின்னுச்சு.

"வீட்ல சொன்னீகளா?"ன்னு கேட்டேன்.

"சொல்லுவனா? அவரு ஆலங்குளம் சிமெண்டு ஆலையில வேலை பாக்காரு. அங்கன போயி நாலு பேருகிட்டச் சொல்லிச் சிரிப்பாரு. செட்டுல தெரிஞ்சாலும் அவளுக ஓட்டியே கொன்னுருவாளுக. பாஸாயிட்டுச் சொல்லிக்கிருவோம். அதுவரைக்கும் நீயும் நானும்தான்."

எதுக்குக்கா இம்புட்டுப் பாடுன்னு கேட்டதுக்கு மொழங்காலைத் தடவிக் காட்டுனாக. "ரெண்டும் போச்சு பாப்பா. எந்திரிக்கிறப்ப ஒருத்தி கை குடுக்க வேண்டியதா இருக்கு. சூப்பர்வைசர்னா நாற்காலில உக்காரலாம்ல? ஒருநாளாவது நாற்காலில உக்காந்து மத்தியானச் சோறு திங்கணும். வேற ஒண்ணும் இல்ல." சொல்லிட்டு அவுகளே சிரிச்சாக. நானும் சிரிச்சேன். பாரத்தை நெரப்பிக் குடுத்தேன். கணக்குப் புஸ்தகத்துக்கு, வீணாப் போன லேபிள் தாளை எடுத்து அட்டை போட்டு, பாத்தா அச்சாபீஸ் சாம்பிள் மாதிரி தெரியிற கணக்கா மறைச்சு வச்சிருந்தாக. மத்தியானம் சோத்து நேரத்துல எப்பயாவது வந்து ஒரு சந்தேகம் கேப்பாக. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுவேன்.

இம்புட்டு நம்புன மனுசியத்தான் நான் வித்தேன். விக்கக்கூட இல்ல, சும்மா குடுத்தேன்.

ரெண்டாந்தரப் பரீட்சை அன்னைக்கு அக்கா லீவு. அண்ணாச்சி ஆபீஸ் சேனல்ல "பேக்கிங்ல ஒரு ஆளு கொறையுதே, என்ன காரணம்?"னு கேட்டாரு. உடம்பு சரியில்லன்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா முடிஞ்சு போச்சு. நான் என்ன எழுதுனேன் தெரியுமா? "காரணம் சொன்னா சிரிப்பீக." கணக்குப்பிள்ளை உடனே "சொல்லு தாயி, சொல்லு"ன்னாரு. வரிசையாப் போட்டேன். பத்தாப்புக் கணக்குப் பரீட்சை எழுதப் போயிருக்காகன்னு ஒண்ணு. பேத்தி எடுக்குற வயசுல அல்ஜீப்ரா படிக்கிறாகன்னு ஒண்ணு. பெறகு அவுக பெயிலான அன்னைக்கு, "நம்ம அக்கா இந்தத் தரமும் புஸ்வாணம்"னு ஒண்ணு. அந்த நாற்காலி ஆசையவும் சொன்னேன். அவுக மொழங்காலைத் தடவுனதைக்கூட எழுதுனேன். இப்ப இதை எழுதுறப்ப எனக்கு என்னையவே செருப்பால அடிக்கணும் போல இருக்கு.

அண்ணாச்சி சிரிக்கிற பொம்மை நாலு போட்டு, "அல்ஜீப்ரா அக்கா பாஸ் பண்ணி என்ன அணுகுண்டா செய்யப் போறாக? அதைத்தான் நாம தெனமும் செய்றோமே"ன்னாரு. நாற்காலிக்கு, "என் நாற்காலிய எடுத்துக்கிடச் சொல்லு, எனக்கும் தரையில உக்காரணும்னு ஆசையா இருக்கு"ன்னாரு. குடோன்காரரும் கணக்குப்பிள்ளையும் விழுந்து விழுந்து சிரிச்சாக. அன்னைக்கு எனக்கு ரொம்பப் பெருமையா இருந்துச்சு.

அக்கா மனசு விடல. மூணாந்தரமும் பாரம் நெரப்பச் சொன்னாக. நெரப்பிக் குடுத்தேன், அதே கையால.

மூணாம் பரீட்சைக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கப்ப, ஒருநா காலையில முதலாளி போன் பண்ணாக. செக்கிங்குக்கு ஆபீசருக வாராகன்னு தகவல். பாதுகாப்பு விதி நோட்டீசை எல்லாரும் பாக்குற மாதிரி உடனே போட்டு விடுன்னாக. அண்ணாச்சி அதை எட்டுப் பக்கம் போட்டோ எடுத்து ஆபீஸ் சேனல்ல ஏற்கெனவே போட்டு வச்சிருந்தாரு. எட்டையும் எறக்கி அறிவிப்புச் சேனல்ல ஏத்த அஞ்சு நிமிசம்கூட ஆகாது. அந்த அஞ்சு நிமிசத்துக்கு எனக்குச் சோம்பேறித்தனம். செட்டிங்ஸுக்குள்ள போயி, ஆபீஸ் சேனலோட பூட்டை எடுத்து எல்லாருக்கும்னு மாத்துனேன். பூட்டை எடுத்தா இனிமே வர்றது மட்டும்தான் வெளிய தெரியும், நோட்டீசை மறுபடி ஒரு தட்டு தட்டி மேல கொண்டு வந்துட்டுச் சாயங்காலம் பூட்டிக்கிரலாம்னு என் கணக்கு. ஒரு கட்டம் வந்துச்சு. மூணு வரி. ஓகே.

அந்த மூணு வரியை நான் பெறகு எத்தனையோ தடவை படிச்சிருக்கேன். இதுவரைக்கும் இந்தச் சேனல்ல வந்த அம்புட்டுச் செய்தியும் எல்லாருக்கும் தெரியும், திரும்பப் பூட்டுறதுக்குப் பெரிய அட்மினால மட்டும்தான் முடியும், சம்மதமான்னு தெளிவாத்தான் கேட்டிருக்கு.

மத்தியானம் ரெண்டரை மணிக்குப் போன் டிங்குன்னுச்சு. கோவில்பட்டிப் பக்கம் லோடு ஏத்திட்டுப் போன டிரைவரு, ஆபீஸ் சேனல்ல, அண்ணாச்சி எப்பயோ எழுதுனதுக்குக் கீழ, "ஏலே, யாருலே அது அல்ஜீப்ரா அக்கா?"ன்னு போட்டு வாய் பொளந்து சிரிக்கிற பொம்மை போட்டிருந்தான். எனக்கு மொதல்ல வெளங்கல. இவன் எப்படி இதுக்குள்ள வந்தான்னுதான் நெனச்சேன். மேல தள்ளிப் பாத்தேன். ஒரு வருசத்துப் பேச்சு அம்புட்டும் நூத்துச் சொச்சம் பேருக்குத் தெறந்து கெடந்துச்சு.

ஆனா ஒண்ணு. டிரைவருக ரெண்டு மூணு பேரைத் தவிர யாரும் பாத்திருக்க முடியாது. எல்லாருடைய போனும் வாட்ச்மேன் ரூம் பொந்துல அணைஞ்சு கெடந்துச்சு. அஞ்சு மணி வரைக்கும் எனக்கு ரெண்டரை மணி நேரம் இருந்துச்சு. இதைத்தான் என்னால தாங்க முடியல. கைதவறிக் கொட்டிட்டேன்னு சொல்லவே முடியாது. ரெண்டரை மணி நேரம் முழுசா எனக்குக் குடுக்கப்பட்டிருந்துச்சு.

பூட்டிப் பாத்தேன், பூட்டல. பெரிய அட்மினு முதலாளி மகன்தான், அவுகளுக்கு ஆறு தடவை போன் அடிச்சேன், எடுக்கல. பேக்கிங் செட்டு ஆபீஸ்ல இருந்து எரநூறு அடி தூரம் இருக்கும். நேரப் போயி, "அக்கா, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன், அஞ்சு மணிக்கு இது வெளிய வரும், மொதல்ல எங்கிட்ட இருந்து கேட்டுக்கங்க"ன்னு சொல்லியிருக்கலாம். கேட்டு வரைக்கும் போனேன். வாட்ச்மேன் "என்ன பாப்பா, உள்ள போறியா? போனைக் குடு"ன்னாரு. "இல்லண்ணே, சும்மா"ன்னுட்டுத் திரும்பிட்டேன். அண்ணாச்சிகிட்டயாவது போயி, நீங்க எழுதுனதை நீங்க எடுத்துருங்கன்னு சொல்லியிருக்கலாம். சொன்னா, பூட்டைத் தெறந்தது யாருன்னு கேப்பாரு. முதலாளி காதுக்குப் போகும். அதனால அதையும் செய்யல.

என்ன செஞ்சேன்? உக்காந்து நான் எழுதுனதை மட்டும் அழிச்சேன். ஒண்ணொண்ணாத் தேடி, அக்காவைப் பத்தி என் பேர்ல இருந்த ஏழு செய்தியையும் அழிச்சேன். ஏழாவதை அழிச்சு முடிச்சிட்டுத்தான் பாத்தேன், அது அழியிறப்ப மொத்தமா அழியல. "செய்தி நீக்கப்பட்டது"ன்னு ஒரு சாம்பல் வரி அந்தந்த எடத்துலயே நிக்குது. பக்கத்துல என் போட்டோ. சித்தி மக கல்யாணத்துல பட்டுச்சேலை கட்டிக்கிட்டு ஈன்னு பல்லைக் காட்டுற போட்டோ. அதுக்குக் கீழ அண்ணாச்சி சிரிச்சதும், நாற்காலியும், அணுகுண்டும், மொழங்காலுக்குக் கணக்குப்பிள்ளை சொன்ன கிண்டலும் அப்படி அப்படியே இருந்துச்சு. படிக்கிற யாருக்கும் அக்காவைக் கேலி பண்ணுனது அவுக மூணு பேருன்னுதான் தோணும். அதைப் பாத்தப்ப எனக்கு என்ன தோணுச்சுன்னு மறைக்காமச் சொல்லிர்றேன். அப்பாடின்னு இருந்துச்சு.

அஞ்சு மணிக்கு நான் ஆபீஸ் சன்னலோரம் நின்னுக்கிட்டு இருந்தேன். போனை எடுத்தாக, உசுரு வந்துச்சு, டிங்கு டிங்குன்னு கத்துச்சு. கொஞ்ச நேரம் எல்லாத் தலையும் குனிஞ்சிருந்துச்சு. ஒருத்தி "யாத்தே"ன்னா. இன்னொருத்தி அண்ணாச்சி எழுதுனதைச் சத்தமாப் படிக்க ஆரம்பிச்சா. தேதியப் பாத்து, அன்னைக்குப் பேக்கிங்ல லீவு போட்டது யாருன்னும் கண்டுபிடிச்சிட்டாளுக. படிக்கப் படிக்கச் சிரிப்பு கூடிக்கிட்டே போச்சு. "யக்கோவ், எங்களுக்கும் ரெண்டு அல்ஜீப்ரா சொல்லித் தாங்க!" "ஏட்டி, அக்காவுக்கு ஒரு நாற்காலி போடுங்கடி!" கெட்ட மனசு வச்சுச் சொல்லல யாரும், அங்கன எல்லாத்தையும் அப்படித்தான் ஓட்டுவாளுக. அக்கா வேனுக்குப் பக்கத்துல போனைக் கண்ணுக்குக் கிட்ட வச்சு, விரலால தள்ளித் தள்ளி முழுசாப் படிச்சாக. யாரையும் பாக்கல. படிச்சு முடிச்சிட்டு வேன்ல ஏறிச் சன்னலோரம் உக்காந்துக்கிட்டாக.

அஞ்சு இருபதுக்கு முதலாளி மகன் கூப்பிட்டாக. ரெண்டே நிமிசத்துல பூட்டுனாக. "ஆப் தானா அப்டேட் ஆகித் தெறந்துக்கிருச்சு சார்"னு சொன்னேன். அவுக, "யார் மாத்துனாங்கன்னு இதுல பேரு வரும்மா"ன்னாக. பெறகு, "சரி விடுங்க, இனிமே பாத்துச் செய்ங்க"ன்னு வச்சிட்டாக. நாலு வார்த்தை வஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும்.

மறுநா அண்ணாச்சி செஞ்சதைச் சொல்லணும். சோத்து நேரத்துல எல்லாரும் வேப்பமரத்தடியில உக்காந்திருக்கப்ப அவரு அக்கா முன்னாடி போயி நின்னாரு. "தாயி, நான் எழுதுனது தப்பு. என் வயசுக்கு அது அழகில்ல. மன்னிச்சுக்க"ன்னாரு. நூறு பேருக்கு முன்னாடி சொன்னாரு. தான் எழுதுன எதையும் அவரு அழிக்கல. ஆரம்பிச்சு வச்சது யாருன்னு என் பேரையும் எடுக்கல. ஆபீசுக்குள்ள வந்து என்னைய ஒரு பார்வை பாத்துட்டு, லோடுச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கிட்டுப் போயிட்டாரு.

அக்கா எங்கிட்ட எதுவும் கேக்கல. சண்டை போடல. ஆனா அன்னையில இருந்து நான் பாப்பா இல்ல. "நல்லா இருக்கீகளா, சாப்பிட்டீகளா"ன்னு, வெளியூர் ஏவாரிகிட்டப் பேசுற மாதிரி அம்புட்டு மரியாதை. சந்தேகம் கேக்க வர்றது நின்னு போச்சு. நானும் பதினெட்டு நாளும் இன்னைக்குப் பேசிரணும், இன்னைக்குப் பேசிரணும்னு காலையில கெளம்பி வருவேன். சாயங்காலம் வாயை மூடிக்கிட்டுத் திரும்புவேன்.

பரீட்சை அன்னைக்கு லீவு நோட்டுல அக்கா பேரு இல்ல. வாட்ச்மேன் நோட்டைப் பாத்தேன், எட்டு மணிக்கு வந்து போனை வச்சிட்டு உள்ள போயிருக்காக. மணி ஒம்பது இருபது. சிவகாசியில இருக்க பள்ளிக்கூடத்துல பத்து மணிக்குப் பரீட்சை. போனை வாட்ச்மேன்கிட்டக் குடுத்துட்டு ஓடுனேன்.

செட்டு வாசல்ல போயி நின்னேன். ஒரு ரூமுக்கு நாலு பேருக்கு மேல கூடாது, உள்ள நாலு பேரு இருந்தாக. அக்கா காலை நீட்டி உக்காந்து டப்பா நெரப்பிக்கிட்டு இருந்தாக.

"அக்கா, இன்னைக்குப் பரீட்சை."

"தெரியும்."

"இன்னும் நேரம் இருக்குக்கா. என் வண்டில இருபது நிமிசத்துல கொண்டு போயி விட்டுர்றேன். ஹால் டிக்கெட்டு வீட்ல இருக்கா?"

"சோத்துப் பைக்குள்ள இருக்கு"ன்னாக. கை நிக்கல. "படிக்கத்தான் செஞ்சேன். புஸ்தகத்தைத் தெறந்தா எழுத்தே தெரியல. ஏழு வரியை அழிச்சிருந்தீகல்ல, அதுல என்ன இருந்திருக்கும்னு அதுதான் ஓடுது. அவுக மூணு பேரு எழுதுனது எனக்கு வலிக்கல. அவுகளுக்கு நான் யாரு? நாற்காலி, மொழங்காலு, இதெல்லாம் நான் ஒருத்திகிட்டதான் சொன்னேன்."

வண்டிச் சாவியைக் கையில பிடிச்சுக்கிட்டே நின்னேன்.

அக்கா டப்பாவைக் கீழ வச்சிட்டு நிமிந்து பாத்தாக. கோவமா இருந்தாக்கூடப் பரவாயில்ல. கெஞ்சுற மாதிரி பாத்தாக.

"என்ன எழுதியிருந்தீக? அதை மட்டும் சொல்லுங்க. எம்புட்டு மோசமா இருந்தாலும் சரி. தெரிஞ்சிட்டா மனசு அடங்கிரும். சொல்லுங்க, இப்பவே எந்திரிச்சு உங்க வண்டில ஏறுறேன்."

மத்த மூணு பேரும் கைய நிறுத்திட்டு என் மூஞ்சியவே பாத்தாளுக. அண்ணாச்சி நூறு பேருக்கு முன்னாடி சொன்னதை என்னால மூணு பேருக்கு முன்னாடி சொல்ல முடியல. புஸ்வாணங்கிற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துச்சு.

"லீவு விவரம்தாங்க்கா எழுதியிருந்தேன். வேற ஒண்ணும் இல்ல. சும்மா."

"லீவு விவரத்தையா உக்காந்து அழிச்சீக?"

அக்கா இன்னுங்கொஞ்ச நேரம் என்னையப் பாத்தாக. நான் சொல்லிருவேன்னு அவுக நெசமாவே காத்துக்கிட்டு இருந்தாக, அது எனக்குத் தெரிஞ்சுச்சு. பெறகு டப்பாவை எடுத்து மடியில வச்சுக்கிட்டாக. நான் வாசப்படியை விட்டு நகரல. பத்து மணிக்கு டீ வந்துச்சு. அக்கா டம்ளரைக் கையில வாங்கிக்கிட்டு, "இனி நீங்க போகலாம்"னாக.